பிடித்தக் கணக்கு

ஆரணியிலும், சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்து ஊர்களிலும் தறியோடும் பட்டு வியாபாரத்தோடும் பிழைக்கிற கிறிஸ்தவ சபையார் அனைவருக்கும்,



வருகிற ஞாயிறு நமக்குத் திருவிருந்து. முந்தின நாள் சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை. அந்த ஆராதனைக்கு ஆள் குறைந்துபோனதைப் பற்றிக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. முப்பது வருஷமாகத் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவன் நான். அத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தும் ஒருநாள்கூட நான் ஆயத்தப்படவில்லை. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் அப்பா கூலிக்கு நெய்தவர். ஏழு வயதிலேயே நான் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றினேன். வளர்ந்து நெய்யக் கற்றேன். பிறகு கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நாலு தறி போட்டு, பட்டும் ஜரிகையும் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு ஆள் வைத்து நெய்ய வைத்தேன். ஆட்கள் என்னை முதலாளி என்று கூப்பிட்டார்கள். சபையில் பெரியவர் என்றார்கள். இரண்டு பட்டத்தையும் நான் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. நீள நோட்டு, அட்டை கரையான் அரித்தது. 1994ஆம் வருஷத்துக் கூலிக் கணக்கு. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினேன். பழைய ஆட்களின் பெயர்களைப் பார்க்கத்தான் ஆசை. ஒரு பக்கத்தில் என் கையெழுத்திலேயே, பென்சிலில், இப்படி இருந்தது: பையன் 2 நாள் வரவில்லை, பள்ளிக்கூடம், பிடித்தம் 12 ரூபாய்.

எதற்குப் பிடித்தேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன் பாருங்கள். காய்ச்சல் என்றால்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடம் போனான் என்பது எனக்கு அன்றைக்கு எழுதிவைக்க வேண்டிய குற்றமாகப் பட்டிருக்கிறது.

கோர்வைக் கரை போட்ட சேலைக்கு நெய்கிறவர் ஒருவர் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தள்ள எதிர்ப்பக்கம் ஒரு துணைக்கை வேண்டும். அந்தக் கை அந்தக் காலத்தில் பல வீடுகளில் குழந்தையின் கை. குழித்தறியின் விளிம்பில் கால் எட்டாமல் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்தப் பையனுக்கு அப்போது பத்து வயது. அவன் அப்பாவுக்கு நான் 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். அது தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது என்பது பேச்சு. எழுத்தில் இல்லை, ஆனால் எழுத்தைவிடக் கெட்டியான பேச்சு. அப்படி முன்பணத்துக்கு ஆளைக் கட்டி வைப்பதைக் குற்றமாக்கிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 1986இல் வந்துவிட்டது. பிள்ளை தகப்பனோடுதானே உட்காருகிறான், குடும்பத் தொழில்தானே என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். அந்த வார்த்தையை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், சபை வராந்தாவில் நின்றே சொல்லியிருக்கிறேன்.

நோட்டில் தேதி இருந்தது. அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைதான் நமக்குக் கூலி பட்டுவாடா. நான் கணக்குப் பார்த்த விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டு, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, ஆறு மணிக்கு ஆயத்த ஆராதனையில் முழங்காலில் நின்றிருப்பேன். பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லியிருப்பேன். நினைவாலும் வார்த்தையாலும் செய்கையாலும் செய்த பாவங்கள் அத்தனையையும் அறிக்கையிட்டிருப்பேன். அதில் இந்தப் பன்னிரண்டு ரூபாய் மட்டும் இருந்திருக்காது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். நாம் பாவத்தைப் பொதுவாகச் சொல்லியே தப்பித்துக்கொள்கிறோம். நாம் செய்கிற பாவம் எதுவும் பொதுவானதல்ல. அதற்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு தொகை இருக்கிறது, எதிர்ப்பக்கம் ஓர் ஆள் இருக்கிறார்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை நாம் திருவிருந்துக்கு முன்னால் வாசிக்கிறோம். தன்னைச் சோதித்துப் பார்த்த பிறகே அப்பத்தில் பங்குகொள்ள வேண்டும் என்ற பகுதியைத்தான் வாசிக்கிறோம். அதற்குச் சில வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று நிதானித்து வாசிப்பதில்லை. அங்கே சண்டை சாப்பாட்டைப் பற்றியது. வசதி உள்ளவர்கள் முதலில் வந்து, கொண்டுவந்ததைத் தின்று குடித்து முடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், எல்லார் முன்னாலும் வெட்கப்பட்டுப் போகிறார்கள். பவுலுக்குக் கோபம் வந்தது இதைப் பார்த்துத்தான். அந்தக் கோபத்தோடுதான் உன்னைச் சோதித்துப் பார் என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே என்ன தோன்றுகிறது என்று தேடச் சொன்னதாகவே நான் இத்தனை காலம் எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பசியோடு நிற்கிறவன் யார், அவன் பசிக்கு நான் எப்படிக் காரணம் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

நம் தொழிலிலிருந்தே இன்னொன்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நெய்யும்போது பாவில் ஓர் இழை அறுந்தால் நல்ல நெசவாளி அங்கேயே தறியை நிறுத்துவான். விழுதுக்குப் பின்னால் கையை விட்டு, ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த முனையை விரலால் தடவித் தேடுவான். பார்த்துத் தேடுவதைவிடத் தடவித் தேடுவதே சுளுவு. கிடைத்ததும் புது நூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் கோத்து, முன்னால் இழுத்துக் கட்டிவிட்டுப் பிறகுதான் மிதியில் கால் வைப்பான். இரண்டு நிமிஷ வேலை. சோம்பல்பட்டு அப்படியே ஓட்டினால் துணியின் நீளத்துக்கு ஒரு கோடு விழும். நாலு விரற்கடை ஓடிய பிறகு பார்த்தாலும் பரவாயில்லை. சேலை படமரத்தில் சுருட்டி முடிந்த பிறகு அந்தக் கோட்டை எடுக்க எந்த வித்தைக்காரனாலும் முடியாது. மனதில் ஒரு பொய், நாக்கில் ஒரு சுடுசொல், பொறாமையில் ஒரு நினைப்பு, இவையெல்லாம் அறுந்த இழை. நடந்த அன்றைக்கே, படுக்கப் போகும் முன்னேயே தடவித் தேடி முடிச்சுப் போட வேண்டியவை. இதற்காகத் திருவிருந்து வரும்வரை காத்திருக்கவே கூடாது.

கத்தோலிக்கச் சபையார் இதை ஆத்தும சோதனை என்கிறார்கள். அவர்களுடைய இஞ்ஞாசியார் 500 வருஷத்துக்கு முன்னேயே ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விட்டொழிக்க நினைக்கிற ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, அதில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இன்றைய கோட்டை நேற்றைய கோட்டோடு ஒப்பிட வேண்டும். எல்லாப் பாவத்தையும் ஒரேயடியாகப் பிடிக்கச் சொல்லவில்லை அவர். ஒன்றைப் பிடி, அதை எண்ணு என்றார். டிசைன் போடுகிறவர் கட்டத்தாளில் புள்ளி வைப்பதைப் பார்த்த நமக்கு இது புரியாமல் போகாது.

ஆனால் வேறொரு குற்றம் இருக்கிறது, அது இழை அறுவது போன்றதல்ல. ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டையில் ஒன்று தப்பாகத் துளையிட்டு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்கிறவனிடம் ஒரு தப்பும் இருக்காது. இழை ஒன்றும் அறுந்திருக்காது. ஆனாலும் அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் அதே மயிலுக்கு அதே இடத்தில் மூக்கு இருக்காது. சேலை முழுக்க அத்தனை மயிலும் மூக்கில்லாத மயிலாகவே வரும். துணியை எத்தனை தடவை தடவினாலும் சரியாகாது. மேலே ஏறி அட்டையை மாற்ற வேண்டும். தறி இன்றைக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஆகி, அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்துவிட்டாலும் கதை இதேதான்.

பன்னிரண்டு ரூபாய் பிடித்தது இழை அறுந்ததல்ல. அது அட்டை. அன்றைக்கு எனக்குக் கோபமில்லை, குடியில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஊரில் எல்லாரும் வைத்திருந்த வழக்கத்தை நானும் வைத்திருந்தேன். அதனால்தான் எந்தப் பாவ அறிக்கையிலும் அது என் நினைவுக்கு வரவில்லை. ஒரு பாவம் வழக்கமாகிவிட்டால் மனசாட்சி அதைக் கண்டுபிடிக்காது, சபையாரே. மனசாட்சியும் அதே அட்டையில்தான் நெய்யப்பட்டிருக்கிறது.

நோட்டைத் தொடர்ந்து புரட்டினேன். குறைப் பிடித்தம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. துணியில் கோடு விழுந்தால் கூலியில் கழித்துக்கொள்வது வழக்கம். அதில் பாதிக்கு மேல் நெய்தவர் தப்பல்ல. சல்லிசாகக் கிடைக்கிறது என்று நான் மட்டப் பட்டு வாங்கிய மாதங்கள் எனக்குத் தெரியும். இழை அடிக்கடி அறுந்தது நூலின் கோளாறு. நூலை வாங்கியவன் நான். பிடித்தது அவர்கள் கூலியில். யாக்கோபு தம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். வேலைக்காரர் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அந்தக் காசுக்கே வாய் இருக்கிறது என்கிறார். என் வீட்டுப் பரணில் அது முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டு கிடந்திருக்கிறது.

ஆகானின் கதை உங்களுக்குத் தெரியும். எரிகோ விழுந்தபோது அவன் எடுத்து ஒளித்தவை மூன்று: பாபிலோன் தேசத்து நேர்த்தியான ஆடை ஒன்று, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன். துணி, வெள்ளி, பொன். ஆரணிக்காரன் இதை வாசித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. பட்டும், வெள்ளிக் கம்பியும், அதன்மேல் பொன்முலாமும் சேர்ந்ததுதானே நம் பிழைப்பு. அவன் அவற்றைக் கூடாரத்துக்குள் மண்ணில் புதைத்தான். யோசுவா தேடினபோது கோத்திரம் கோத்திரமாக, பிறகு வம்சம் வம்சமாக, பிறகு வீடு வீடாக, கடைசியில் ஆள் ஆளாக வரவழைத்தான். தேடுதல் பொதுவில் தொடங்கி ஓர் ஆளில் வந்து நின்றது. அந்தக் கதையின் முடிவை வாசிக்க எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது, அதை விளக்க எனக்குத் திராணி இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அத்தனை வரிசை கடந்து வரும்வரை ஆகான் வாய் திறக்கவில்லை. கோத்திரம் குறிக்கப்பட்டபோதும் பேசவில்லை, வம்சம் குறிக்கப்பட்டபோதும் பேசவில்லை. தேடுதல் தன் முன்னால் வந்து நின்ற பிறகே சொன்னான்.

சகேயுவிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆண்டவர் அவன் வீட்டில் தங்க வந்தார், அவ்வளவுதான். அவனாகவே எழுந்து நின்று தொகை சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு. மோசேயின் சட்டத்தில், எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில், தானாக வந்து அறிக்கையிடுகிறவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனிடமே கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வாங்க ஆள் இருக்கும்வரை, காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதற்கு அங்கே இடமில்லை. சகேயு சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்க முன்வந்தான். அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை.

அழுகையை நான் சின்னதாக எண்ணவில்லை. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டையில், அருளப்பனார் நடத்திய ஊரில் எழுப்புதல் உண்டானபோது ஜனங்கள் பாவத்தை உணர்ந்து கதறினார்கள். 1905இல் டோனாவூரில் எமி கார்மைக்கேல் அம்மையாரின் கூட்டத்திலும் அப்படியே நடந்தது. தமிழ்ச் சபை அழத் தெரிந்த சபை. நம் கன்வென்ஷன் கூட்டங்களிலும் அழுகிறோம். திங்கட்கிழமை காலையில் தறிமேட்டில் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்லப்போகிறோம்?

நம் சபையின் வேரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். ஆரணி அதன் தொடக்ககால ஊழிய நிலையங்களுள் ஒன்று. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தச் சபை அவர்களுடையது. 1563இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் வினாவிடையை அந்தச் சபை கையில் வைத்திருந்தது. 129 கேள்விகள், வருஷத்தின் 52 ஞாயிற்றுக்கும் பிரித்துக் கொடுத்தது. பத்துக் கட்டளையில் களவு செய்யாதே என்பதற்கு வரும்போது, 110ஆவது கேள்விக்கான பதிலில், கன்னம் வைக்கிற திருடனோடு அது நிறுத்திக்கொள்வதில்லை. கள்ள எடை, கள்ள முழக்கோல், மட்டச் சரக்கு, கந்துவட்டி எல்லாம் கடவுள் பார்வையில் திருட்டு என்கிறது. முழக்கோலைப் பாருங்கள். துணி அளக்கிற கோலைக் குறித்தே அது பேசுகிறது. சட்டப்படி சரியாகத் தோன்றுகிற தந்திரங்களையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பதிலை எழுதியவர்கள் ஆரணியைப் பார்த்ததில்லை, ஆனால் நம் கடைத்தெருவை நன்றாகத் தெரிந்தவர்கள் மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

ஜரிகையைக் கீறினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். செம்போ வெள்ளை பாலியஸ்டரோ தெரிந்தால் அது அசல் இல்லை. மாற்று ஜரிகை விற்பது பாவமல்ல, ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் மினுக்கு வேண்டும். மாற்று என்று சொல்லாமல் விற்பது பாவம். சேலையை விரித்துக் காட்டும்போது விளக்கின் கீழே எந்தப் பக்கத்தைக் காட்டுகிறோம், வாங்க வந்த அம்மாள் திருப்பிப் பார்க்கக் கை நீட்டும்போது பேச்சை எப்படி மாற்றுகிறோம் என்பது கடைக்காரருக்கும் கடவுளுக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், தெரிந்தேதான் எழுதுகிறேன். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி கூடாது, இப்போதே, அறவே விட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் சபை பிளந்தது, பலர் எழுந்து வெளியே போனார்கள். ஆற்காடு மிஷனும் சாதி விஷயத்தில் கண்டிப்பாகவே நின்றது. இருநூறு வருஷம் ஆகப்போகிறது. நாம் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். பெண் பார்க்கப் போகும்போது புரோக்கரிடம் முதலில் என்ன கேட்கிறோம்? எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று கல்யாணமும் முடித்தேன். நான் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மற்றவர் பாவத்தைச் சொல்வதில் நமக்கு இருக்கிற சாமர்த்தியத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்து ஒரு வீட்டுப் பெண்ணின் கதையை ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். கேட்கிறவர்களும் ஐயோ பாவம், ஜெபம் பண்ணுவோம் என்று சொல்லி ஆறாவது வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். அந்தப் பெண் பிறகு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். வாட்ஸ்அப் குரூப் வந்தபின் ஐந்து வீடு ஐம்பதாகிவிட்டது.

இனி உங்களில் வேறு சிலரிடம் பேச வேண்டும். இதுவரை எழுதினதை வாசித்து மற்றவர்கள் பக்கத்தைத் திருப்புவார்கள், நீங்கள் மட்டும் ஒவ்வொரு வரியையும் உங்கள்மேலேயே குத்திக்கொண்டிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன் செய்த ஒன்றை இன்றைக்கும் ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் அறிக்கையிடுகிற தாய்மார் நம் சபையில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஊனம் வந்தது என் பாவத்தால் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். உங்கள் பிள்ளையின் ஊனத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோவானின் 9ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

லுத்தர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வாராம், முடித்து எழுந்து போனவர் இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பி வருவாராம். அவருடைய மூப்பரான ஸ்டாபிட்ஸ், உன்னைப் பார்ப்பதை விட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் தேற்றினார். நான் சொன்ன வினாவிடையும் அப்படித்தான் தொடங்குகிறது. முதல் கேள்வி பாவத்தைப் பற்றியதல்ல. உயிரோடிருந்தாலும் செத்தாலும் உனக்கு என்ன ஆறுதல் என்பதே முதல் கேள்வி. நான் எனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பது பதிலின் சாரம். பாவத்தைப் பற்றின பேச்சு அதற்குப் பிறகே வருகிறது. அந்த வரிசையை மாற்றக் கூடாது. பிடி கிடைத்தவனுக்கே கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கத் தைரியம் வரும்.

அந்த நோட்டைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு ரூபாயை நாலு மடங்காக்கினால் நாற்பத்தெட்டு. அந்த நாற்பத்தெட்டு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி அவன் வீட்டு வாசலில் போய் நிற்பது? அவன் குடும்பம் என் தறியில் இருந்த மூன்று வருஷத்துப் பிடித்தம் அத்தனையையும் கூட்டினேன். அன்றைய பட்டு விலை, இன்றைய பட்டு விலை இரண்டையும் வைத்துப் பெருக்கினேன். தொகை வந்தது. அவன் படிக்காமல்போன வகுப்புகளை எதனால் பெருக்குவது என்று எனக்குத் தெரியவில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

அவன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பிடித்தேன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் இறங்கி நின்றான். நோட்டைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். அந்த இரண்டு நாள் அவனுக்கு ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடம் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் நோட்டைக் கையில் வாங்கி, பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்து, இதுவா என்று கேட்டான். அதுதான் என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கு முதலாளி இதெல்லாம்?" என்றான்.

நான் தப்புப் பண்ணிவிட்டேன், உனக்குச் சேர வேண்டியதை வைத்திருந்தேன் என்று சொல்லி உறையைக் கொடுத்தேன். வாங்கி, நிதானமாக எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். சட்டைப் பையில் வைத்தான். சவாரி வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவன் கண் கலங்கும், என் கையைப் பிடித்துக்கொள்வான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனது உண்மை. அவன் ஒன்றும் செய்யவில்லை. எனக்காக எதையும் செய்ய வேண்டிய கடன் அவனுக்கு இல்லை என்பது வீடு திரும்பிய பிறகே உறைத்தது. அவனிடம் ஆறுதல் வாங்கப் போயிருக்கிறேன், அதுவும் ஒருவகைப் பிடித்தம்தான். என் மன்னிப்பை நான் வேறிடத்தில்தான் கேட்க வேண்டும், கேட்டேன், பெற்றேன் என்று விசுவாசிக்கிறேன். சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் சீட்டுப் போட்ட அங்கி தையலில்லாமல் மேலிருந்து கீழ்வரை நெய்யப்பட்டது என்று யோவான் எழுதுகிறார். யாரோ ஒரு நெசவாளி கூலிக்கு நெய்தது. அந்த ஆளுக்கு யாராவது சரியான கூலி கொடுத்தார்களா என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக யோசித்தேன்.

சபையாரே, நம் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் தனக்கென ஓர் ஆராதனை முறைமையை வகுத்தபோது, சிரியன் சபையாரின் வழக்கத்திலிருந்து சமாதானம் பகிர்வதை எடுத்துக்கொண்டது. காணிக்கை படைப்பதற்கு முன்னால் கையோடு கை சேர்த்துச் சமாதானம் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்கிறோம். யார்மேல் எனக்கோ, என்மேல் யாருக்கோ மனத்தாங்கல் இருக்கிறதோ அவர் எப்போதும் வேறு வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலாளியும் கூலிக்காரரும் ஒரே கோவிலில், அவர் முன்னும் இவர் பின்னும். வருகிற ஞாயிறு அந்த நேரத்தில் வரிசையை விட்டு எழுந்து போக ஆயர் அனுமதி தந்திருக்கிறார், கேட்டுவிட்டேன். நேரமானால் ஆகட்டும் என்றார்.

தறி வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்கு முன்னால் உங்கள் கணக்கு நோட்டை எடுத்து ஒரு தடவை புரட்டுங்கள். இப்போதைய நோட்டு போதும், பரணில் ஏற வேண்டாம். கூலிக்கு நெய்கிறவர்களே, உங்களிடமும் சொல்ல வேண்டும்: கொடுத்த ஜரிகையில் மிச்சம் பிடித்ததோ, வாங்கின முன்பணத்தோடு வேறு ஊருக்குப் போனதோ இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆனால் உங்கள் பக்கத்தைப் பார்க்கும் முன் எங்கள் பக்கத்தைப் பார்க்க வேண்டியது நியாயம், அதனால் அதற்குமேல் எழுத எனக்கு வாய் வரவில்லை. கடன் கொடுப்பவர்கள் வட்டிச் சீட்டைப் பாருங்கள். ஜெபக்குறிப்பு வாங்கியவர்கள் அதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயத்த ஆராதனை ஆறு மணிக்கு. நான் ஐந்தரைக்கே வந்துவிடுவேன், இந்தமுறை கடைசி பெஞ்சில். நோட்டு என்னிடம் இருக்கும். அதில் இன்னும் மூன்று குடும்பத்தின் கணக்குப் பாக்கி இருக்கிறது. ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது என்றார்கள், விலாசம் தெரிந்தவர்கள் அன்றைக்கு எனக்குச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
நாலு தறி வைத்திருந்த பழைய முதலாளி
ஆரணி